வீட்டில் முலாம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய புல்லட், ஜாவா வண்டிகளை மீட்டெடுப்பவர்கள் சின்னச் சின்ன உதிரிபாகங்களுக்குத் தாங்களே மின்சாரம் செலுத்தி நிக்கல் முலாமோ துத்தநாக முலாமோ போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அசல் பாகம் கைவிட்டுப் போவதில்லை. ஆனால் முலாம் உரிந்து வந்ததும் பலரும் மின்சாரத்தின் மீதே பழி போட்டு, வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முலாம் எதையும் மறைக்காது. நிக்கல் படலத்தின் தடிமன் பத்து, இருபது மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. அடியில் கீறலோ துருக்குழியோ இருந்தால் பளபளப்பு அதை இன்னும் எடுத்துக்காட்டும். எனவே உப்புத்தாளும் பாலிஷ் சக்கரமும்தான் பாதிக்கு மேற்பட்ட வேலை. பாலிஷ் செய்த பிறகு மெழுகும் எண்ணெயும் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரிவது போதாது. பாகத்தைக் கழுவித் தூக்கிப் பிடியுங்கள்: தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக அரை நிமிடம் நின்றால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது.

இரும்பின் மேல் நேரடியாகத் தாமிரம் போட முயல்வது அடுத்த தவறு. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஆணியைப் போட்டால் மின்சாரமே இல்லாமல் சிவப்பாகிவிடும் என்பது பள்ளியில் பார்த்த சோதனைதான். இரும்பு கரைந்து, அதன் இடத்தில் தாமிரம் படிகிறது. அந்தப் படிவுக்குப் பிடிப்பு கிடையாது. விரலால் தேய்த்தால் வந்துவிடும். தொழிற்கூடங்கள் இதைத் தவிர்க்க சயனைடு கரைசலைப் பயன்படுத்துவதுண்டு. அதை வீட்டுக்குள் நினைத்தே பார்க்கக் கூடாது. முதலில் மெல்லிய நிக்கல், அதன் மேல் தாமிரம் என்பதே வீட்டுக்கு ஏற்ற வழி.

மின்னோட்டத்தைப் பரப்பளவை வைத்துக் கணக்கிட வேண்டும். வினிகரில் நிக்கல் கரைத்துச் செய்யும் கரைசலுக்கு 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. அந்த ஒரு ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 12 மைக்ரான் படியும். அவசரப்பட்டுக் கூட்டினால் ஓரங்களும் முனைகளும் கருகி, கறுத்த தூளாகிவிடும். குழிவான இடங்களில் எதுவும் படிந்திருக்காது. நேர்மின்வாயாக இணைக்கும் நிக்கல் தகட்டை ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடாமல் பாகத்தின் இருபுறமும் தொங்கவிடுங்கள்.

பொறுமையின்மையால் வரும் இன்னொரு தவறு, எப்படி வந்திருக்கிறது என்று நடுவில் வெளியே எடுத்துப் பார்ப்பது. நிக்கல் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். திரும்ப உள்ளே வைத்தால் புது அடுக்கு பழையதன் மேல் ஒட்டாமல், பின்னால் தகடாக உரியும். உரிந்த பாகத்தை வைத்துக்கொண்டு காரணம் புரியாமல் தவிப்பவர்களில் பலர் செய்தது இதைத்தான்.

போல்ட் தலையில் 10.9, 12.9 என்று (மிக வலிமையான எஃகு என்பதற்கான குறி) பொறித்திருந்தால் அதற்கு வீட்டில் முலாம் போடாதீர்கள். ஸ்பிரிங்குகளுக்கும் இதே விதி. அமிலத்தில் ஊறும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்குகிறது. முறுக்கி வைத்த போல்ட் உடனே உடையாமல், சில மணி நேரமோ சில நாளோ கழித்து உடையலாம். தொழிற்கூடத்தில் முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். வீட்டு அடுப்பை நம்பி பிரேக், சக்கரம் சார்ந்த பாகங்களில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

துருவை மின்சாரத்தால் நீக்கும்போது எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாக வைப்பது மிகப் பரவலான தவறு. அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமாகலாம். சாதாரண இரும்புத் துண்டே போதும். கரைசலுக்குச் சலவைச் சோடா போடுங்கள். சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

இந்த ஆறு இணைதிறன் குரோமியத்தின் அபாயத்துக்காகத்தான் வீட்டில் குரோம் முலாம் வேண்டவே வேண்டாம் என்கிறேன். குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. குரோம் வேண்டுமானால் முறையான உரிமம் உள்ள கூடத்தில் கொடுங்கள். 1920களின் பெரும்பகுதி வரை வண்டிகளில் மின்னியது நிக்கல்தான். அந்தக் காலத்து வண்டிக்கு அதன் இளமஞ்சள் சாயலே பொருத்தமானது.

நிக்கல் கரைசலும் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதலானது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஹைட்ரஜன் வெளியேறுவதால் அருகே நெருப்பு கூடாது. பழைய கரைசலைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாமல், சலவைச் சோடா சேர்த்துப் பச்சை வண்டலைப் படியவைத்து, நீரும் வண்டலுமாக மூடிய டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவைக் கையாளும் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும்.