ஏரிக்கரையில் நான்கு நாட்கள்: ஒன்டாரியோவுக்குப் புதிதாகச் செல்லும் கொங்குக் குடும்பங்களுக்கு

டொரண்டோவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கோபிச்செட்டிபாளையத்திற்கே திரும்பிவிட்ட பிறகும், கனடாவுக்குப் புறப்படும் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போக வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றியதும் ஒன்று. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கோ கொடிவேரி அணைக்கோ போவதென்றால், முதல் நாள் இரவு பேசி, மறுநாள் விடியலில் வேன் பிடித்து, சித்தப்பா குடும்பத்தையும் மாமன் குடும்பத்தையும் வழியில் ஏற்றிக்கொண்டு, கண்ட இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது நம் வழக்கம். அங்கே அப்படிக் கிளம்ப முடியாது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் தங்குமிடங்களை, சென்று இறங்கும் நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். அன்றைய பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட வார இறுதி ஏறத்தாழ நம் ஆடிப்பெருக்கு நாளில்தான் வரும். ஆகஸ்ட் 1 அன்று ஏரிக்கரையில் இருக்க விரும்புகிறவர், வெளியே பனி உறைந்து கிடக்கும் மார்ச் 1 அன்று காலை ஏழு மணிக்கு முன்பே கணினியின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். பேர்பெற்ற பூங்காக்களில் நல்ல இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நாங்கள் சென்ற முதல் கோடையில் இதை அறியாமல் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய், வாயிலிலேயே இடமில்லை என்று கேட்டு, கட்டுச்சோற்றைச் சாலையோரத்தில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். தாமதமாக விழித்துக்கொண்டவர்கள் வார நாட்களைப் பார்ப்பது நல்லது. ரத்தாகும் இடங்களும் மீண்டும் பட்டியலில் தோன்றும். ஓர் இடத்தில் பொதுவாக ஆறு பேர்தான் தங்கலாம் என்பதையும், கட்டணத்தில் ஒரு வாகனத்திற்கு மட்டுமே அனுமதி அடங்கும் என்பதையும், கூட்டாளிகளை அழைப்பதற்கு முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

1893இல் அமைக்கப்பட்ட அல்கான்குவின் பூங்காவின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அழகில் குறையில்லை, ஆனால் முதல் பயணத்திற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சிபால்ட் பாயிண்ட்டிலோ, கவார்த்தா ஏரிகள் பகுதியின் எமிலி, பால்சம் லேக் பூங்காக்களிலோ ஒரே ஓர் இரவு தங்கிப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், விடிய விடிய மழை கொட்டினாலும், வீடு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற தெம்பு வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துச் செல்வதானால், தரையில் படுத்தெழ முடியாத முழங்கால்களை எண்ணி, கட்டிலும் கதவும் உள்ள யூர்ட் எனப்படும் வட்டக் கூடாரத்தைப் பதிவு செய்யலாம். அல்கான்குவினுக்குள் இருக்கும் மியூ லேக், தனிப் பூங்காவான சைலண்ட் லேக் போன்ற சில இடங்களில் அவை உண்டு.

ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியின் மீது நம்மவர்களுக்குத் தனி மோகம் இருக்கிறது. ஒன்டாரியோவில் 11,000 கிலோவுக்கு மேற்படாத வண்டியை கார் ஓட்டுவதற்கான முழுமையான ஜி உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்பதால், சட்டப்படி தடை பெரும்பாலும் இராது. ஆயினும் அனுபவக் காலத்தையும் வயது வரம்பையும் வாடகை நிறுவனங்கள் தனியே வகுத்திருக்கும். காருக்கு எடுத்த காப்பீடு இதற்குச் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டி என்பது, உணவகத்தின் தாழ்ந்த கூரைக்கடியில் நுழையும் கணத்தில் நமக்கு நினைவிருப்பதில்லை. உள்ளே மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. தோட்டத்து மோட்டார் ஓடும்போது வாய்க்காலில் பாத்திரம் தேய்த்துப் பழகிய கைகள் இங்கேதான் தடுமாறும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் ஒரே நாளில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும். அதைப் புல்வெளியில் திறந்துவிடுவது குற்றம். மின் இணைப்புள்ள இடம் கிடைத்தாலும் அங்கே வருவது 120 வோல்ட் என்பதால், ஊரிலிருந்து சுமந்து சென்ற கிரைண்டர் அதில் சுற்றாது. மாவை வீட்டிலேயே ஆட்டி, குளிர்ப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

சமையலுக்கு நம் அரிசிம்பருப்புச் சோற்றை மிஞ்சியது எதுவுமில்லை. ஒரே குக்கர், ஒரே அடுப்பு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தாளிப்புப் பொருட்கள் அனைத்தும் ஒரு பையில் அடங்கிவிடும். மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்திற்குள் கொண்டு செல்லக் கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாமல் பூங்காவின் அருகிலேயே வாங்க வேண்டும், ஏனெனில் 2002இல் வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு ஆஷ் மரங்களை அழித்துவரும் மரகத வண்டு விறகுக் கட்டைகளுக்குள் ஒளிந்துதான் ஊர்விட்டு ஊர் போகிறது. உணவுப் பொருள், குப்பை, பற்பசை என மணக்கும் எதையும் இரவில் மேசையிலோ கூடாரத்திலோ வைக்காமல் காருக்குள் பூட்டிவிடுங்கள். கரடிக்குப் பயந்து கூறும் அறிவுரைதான் இது. ஆனால் எங்கள் ஒப்புட்டு டப்பாவைத் திறந்து ஒன்றுவிடாமல் தின்றது ரக்கூன் என்னும் சிறு விலங்கு. கருவாட்டை வீட்டிலேயே விட்டுச் செல்வது எல்லோருக்கும் நலம்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி. சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகிய நம்மவர்களுக்கு, நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையே அங்கே பகையாகிறது. நம் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் உடலுக்கு இதமாக இருக்கும். அங்கோ, வெயில் சுள்ளென்று அடிக்கும் ஜூன் மாதத்திலும் ஏரி நீர் பனியின் குளிரை விடாமல் வைத்திருக்கும். அதில் சட்டென்று குதித்தால் உடல் அதிர்ந்து, தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். தலை நீருக்கடியில் இருக்கும் கணத்தில் அது நேர்ந்தால், எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரருக்கும் ஆபத்துதான். மாகாணப் பூங்காக்களின் கடற்கரை போன்ற மணற்கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. குழந்தைகளுக்கு அளவான மிதவைச் சட்டையை அணிவித்து, கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் யாருமே பார்க்காத நேரம் ஒன்று உண்டு. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம். தூண்டில் போடுவதற்கும், அங்கே குடியிருப்பவர்களில் பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ளவர்களுக்கு உரிமம் தேவை.

மே இறுதியிலும் ஜூனிலும் கருப்பு ஈக்களும் கொசுக்களும் மொய்க்கும் என்பதால், கைக்குழந்தை உள்ளவர்கள் ஜூலை பிற்பகுதிக்குப் பிறகு செல்வது நன்று. புல்லில் நடந்து வந்தவர்களின் முழங்கால் மடிப்பையும் காதோரத்தையும் மாலையில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்; லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் மாகாணத்தின் பல பகுதிகளில் உள்ளன. ஆகஸ்டிலும் இரவில் 10 பாகைக்கு இறங்கக்கூடும் என்பதால் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை வேண்டும்.

கடைசி நாளில் பிற்பகல் 2 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டு வண்டியில் சென்றவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிக் கழிவுநீர் இறக்கும் நிலையத்தில் வரிசை கட்டுவதற்கு முன்பே, காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு தொட்டிகளைக் காலி செய்துவிட்டால், மதியச் சோற்றை ஏரியைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம்.