பனையா, ஈச்சையா, கமுகா? இளங்கன்றுகளை அடையாளம் காணும் முறை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மழைக்குப் பின் எழுந்த ஒற்றை இலையைக் கோரை என்று நினைத்து நான் பிடுங்கியபோது, இலை மட்டும் கையோடு வந்தது. வேர் அசையவே இல்லை. சில வாரங்களில் அதே இடத்தில் இன்னோர் இலை தலைகாட்டிய பிறகே அது பனை என்று புரிந்தது. பனைக் குடும்பத்துக் கன்றுகள் பலவும் முதல் சில மாதங்களில் புல்லைப் போலவே தோன்றுவதால், நிறத்தையோ உயரத்தையோ நம்பி முடிவு செய்வது வீண்.

முதலில் விதையைத் தேடுங்கள். இலையின் அடியில் உள்ள மண்ணை விரலால் மெல்ல விலக்கினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தென்னம்பிள்ளையில் நெற்று வெளியே தெரியும். கமுகங்கன்றில் முளையை ஒட்டியே பாக்குக்காய் இருக்கும். ஈச்சையும் பனையும் அப்படியல்ல. அவற்றில் விதையிலிருந்து ஒரு தண்டு முதலில் கீழ்நோக்கி இறங்கி, அதன் அடிப்பகுதியிலிருந்துதான் இலை மேலே வருகிறது. ஆகவே விதை ஓரிடத்திலும் இலை சற்றுத் தள்ளியும் காணப்படும். பனையில் இந்தத் தண்டு ஓர் அடி ஆழத்துக்குக்கூட இறங்கும். பொங்கலுக்கு நாம் வேகவைத்துத் தின்னும் பனங்கிழங்கு அங்கே உருவாவதுதான். கொல்லையில் நான் இழுத்தபோது வேர் அசையாததற்கும் அதுவே காரணம். அழகுக்காக வளர்க்கும் விசிறிப்பனைகளின் விதையோ மிகச் சிறியது என்பதால், பனங்கொட்டையோடு அதைக் குழப்ப வழியில்லை.

அடுத்து முதல் இலையின் நுனியைப் பாருங்கள். தென்னையிலும் கமுகிலும் அது மீன்வாலைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். ஈச்சையில் பிளவின்றிக் குறுகி, விறைப்பாக நிற்கும். பனையிலும் பிளவில்லை, ஆனால் இலை அகன்று, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும்.

இலை கீற்றுகளாகப் பிரியத் தொடங்கியதும் நான் பெரிதும் நம்பும் சோதனை ஒன்றைச் செய்யலாம். கீற்று நடுநரம்பில் சேரும் அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈச்சை இனத்தில் அந்த இடம் வாய்க்காலைப் போல மேல்நோக்கி மடிந்திருப்பதால் தண்ணீர் தேங்கி நிற்கும். தென்னையிலும் கமுகிலும் கூரையைப் போலக் கீழ்நோக்கி மடிந்திருப்பதால் இருபுறமும் வழிந்துவிடும். ஈச்சையில் அடிக்கீற்றுகள் முள்ளாக மாறுவதும் இந்த வயதில்தான், எனவே கையைச் சற்று எட்ட வைத்தே பாருங்கள்.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதவரம் பக்கத்துச் சாலையோரக் கடை ஒன்றில் கமுகு என்று சொல்லி எனக்குக் கொடுத்தது, ‘அரேக்கா பாம்’ என்ற பெயரில் விற்கப்படும் மடகாஸ்கர் நாட்டு அலங்காரச் செடி. அது அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைக்கும். வெயிலில் இலைக்காம்பு மஞ்சளாகும். கமுகு ஒற்றைத் தண்டாக, பச்சையாக வளரும். ஆயினும் ஒரே பையில் நான்கைந்து நாற்றுகளைச் சேர்த்து நடும் வழக்கம் இருப்பதால், தண்டுகளை மட்டும் எண்ணாமல், அவை ஒரே அடியிலிருந்து வருகின்றனவா என்பதை மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

மிஞ்சுவது ஈச்சையும் பேரீச்சையும். இளம் பருவத்தில் இலையைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முயல்வது வெறும் ஊகமாகவே முடியும். பாத்திரம் கழுவும் இடத்தருகே முளைத்தது, நோன்புக் காலத்தில் தின்று எறிந்த பேரீச்சங்கொட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏரிக்கரையிலோ வேலியோரத்திலோ தானே முளைத்தது பெரும்பாலும் ஈச்சை. கொட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அளவும் உதவும்: பேரீச்சங்கொட்டை நீண்டு பெரியதாகவும், ஈச்சங்கொட்டை பொதுவாக அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். நீங்களே விதைப்பதாக இருந்தால், விதைத்த அன்றே பெயரைப் பையின் மீது எழுதிவிடுங்கள்.

பனை என்று உறுதியானால் அதைப் பையில் நீண்ட நாள் வைத்திராதீர்கள். கீழே இறங்கும் தண்டு பையின் அடியில் முட்டி வளைந்துவிடும். பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையை நிலையான இடத்திலேயே நேரடியாக ஊன்றுவது மேல்.