குளிர்காலத்திலும் குடும்பப் பண்ணைக் கடையை நடத்துவது எப்படி?

கோடையில் பண்ணை வாசலில் கடை போடுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படுவதில்லை. காலையில் பறித்ததை மாலைக்குள் விற்றுவிடலாம்; மிஞ்சியதைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். பனி விழும் பகுதிகளில் குளிர்காலக் கணக்கு வேறு. நிலத்தில் ஏறக்குறைய எதுவுமே வளராத நான்கைந்து மாதங்களுக்கு, இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்ததைச் சிறுகச் சிறுக எடுத்து விற்க வேண்டியிருக்கிறது. ஆகவே கடையின் பாதிக்கும் மேற்பட்ட வேலை, வாங்க வருபவர் கண்ணில் படாத சேமிப்பறையில் நடக்கிறது. அந்த அறையை ஒழுங்காக அமைத்துக்கொண்டு, அறிவித்த நாளில் அறிவித்த நேரத்துக்குத் தவறாமல் கதவைத் திறக்கும் குடும்பம், பத்தே வகைப் பொருள்களை வைத்துக்கொண்டும் வசந்தம் வரை கடையை நடத்திவிட முடியும்.

நடத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அறுவடைக்கு முன்பே வீட்டார் அனைவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது. கருவிகளைப் பழுதுபார்க்கவும் உடம்புக்கு ஓய்வு கொடுக்கவும் பண்ணைக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே பருவம் குளிர்காலம்தான். விடியலில் பனியை ஒதுக்கப்போவது யார், இருட்டிய பிறகு கல்லாவை எண்ணப்போவது யார் என்பதற்கு விடை இல்லாவிட்டால், எவ்வளவு விளைந்திருந்தாலும் கடை ஒரு மாதத்தைத் தாண்டாது.

சேமிப்பறை

எல்லாக் காய்களையும் ஒரே குளிர்ந்த அறையில் அடுக்கிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூழல் தேவை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் வேண்டும். ஈரம் குறைந்தால் இரண்டே வாரங்களில் கேரட் தோல் சுருங்கி ரப்பர்போல வளையத் தொடங்கும். வெங்காயமும் பூண்டும் அதே குளிரைத் தாங்கும் என்றாலும், ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் வேர்விடும், பூசணம் பிடிக்கும். பரங்கிக்காய் குளிரையே விரும்பாத காய். அதற்கு 10 முதல் 13 டிகிரியும் உலர்ந்த காற்றும் தேவை. 10 டிகிரிக்குக் கீழே பல நாள்கள் கிடந்தால், வெளியே நன்றாகத் தோன்றும்போதே உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் 13 முதல் 15 டிகிரி வேண்டும். உருளைக்கிழங்கு இவற்றுக்கு நடுவில் நிற்கிறது: 4 முதல் 7 டிகிரி, நல்ல ஈரம், முழு இருட்டு. 4 டிகிரிக்குக் கீழே போனால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருகும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, சொலனின் என்னும் நச்சுப்பொருள் கூடும். பச்சையான கிழங்கை மலிவு விலைக்குக்கூட விற்கலாகாது.

இத்தனைக்கும் நான்கு அறைகள் கட்ட வேண்டியதில்லை. நிலவறையின் தரை ஒரு சூழல், அதே நிலவறையின் மேல்தட்டு இன்னொரு சூழல். வீட்டில் சூடேற்றப்படாத ஓர் அறையின் மூலை பரங்கிக்காய்க்குப் போதும். கேரட்டையும் பீட்ரூட்டையும் கழுவாமல், இலைகளை மட்டும் நறுக்கிவிட்டு, ஈர மணல் நிரப்பிய பெட்டியில் அடுக்கலாம்; துளையிட்ட பாலித்தீன் பைகளும் ஏறக்குறைய அதே பலனைத் தரும். அறையில் காற்று உலர்ந்திருந்தால் தரையில் நீர் தெளித்து வைக்கலாம். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் தொங்கவிடுவது அவசியம். பகலில் பார்க்கும் அளவைக் கொண்டு, பின்னிரவில் அறை எவ்வளவு குளிர்ந்தது என்று ஊகிக்க முடியாது.

அறைக்குள் வைப்பதற்கு முன் சில விளைபொருள்களைப் பக்குவப்படுத்த வேண்டும். வெங்காயத்தைக் காற்றோட்டமான நிழலில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பரப்பி, கழுத்துப் பகுதி முழுமையாக உலரும்வரை காயவைக்க வேண்டும். உருளைக்கிழங்கை 10 முதல் 15 டிகிரியில் இரண்டு வாரங்கள் வைத்தால், தோண்டும்போது ஏற்பட்ட கீறல்கள் ஆறித் தோல் தடிக்கும். பரங்கிக்காயைக் காம்போடு அறுத்து, கதகதப்பான இடத்தில் பத்து நாள்கள் வைப்பது வழக்கம். காம்பைக் கைப்பிடியாக எண்ணித் தூக்குபவர்களைத் தடுக்க வேண்டியிருக்கும். காம்பு ஒடிந்த காய் அந்த வாரமே விற்றாக வேண்டிய காய்.

ஆப்பிளை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதை நாங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். எங்கள் முதல் குளிர்காலத்தில், இடம் மிச்சமாகட்டும் என்று கேரட் பெட்டிகளுக்கு மேலேயே ஆப்பிள் கூடைகளை அடுக்கியிருந்தோம். ஒன்றரை மாதம் கழித்து, கேரட் கசக்கிறது என்று அடுத்தடுத்து மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழுக்கும் ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயுதான் காரணம். அது கேரட்டில் கசப்புப் பொருளை உண்டாக்குகிறது, முட்டைக்கோஸின் இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கிறது. அறை வேறாக இருப்பது மட்டும் போதாது, இரண்டுக்கும் நடுவே காற்று கலக்காமலும் இருக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளைச் சலித்துப் பிரிப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும். மென்மையானதும் கீறல் பட்டதும் முன்வரிசைக்கு, அழுகியது உரக்குழிக்கு, உறுதியானது பின்வரிசைக்கு. மிகச் சிறந்த காயை முதலில் விற்றுவிடும் ஆசையை அடக்கிக்கொள்வது கடினம். ஆனால் நீண்ட நாள் தாங்காதவற்றை முதல் இரண்டு மாதங்களில் தீர்த்துவிட்டு, தடித்த தோலுள்ள பரங்கியையும் கெட்டியான முட்டைக்கோஸையும் குளிர்காலத்தின் பின்பாதிக்கு வைத்திருப்பவரிடம்தான் அப்போதும் சரக்கு இருக்கும்.

பசுமையாக ஏதேனும்

கிழங்குகள் மட்டுமே அடுக்கிய மேசையில் ஒரு கட்டுக் கீரை இருந்தால், வருபவர் கண் முதலில் அங்குதான் போகும். பகல் வெளிச்சம் 10 மணி நேரத்துக்குக் கீழே குறைந்துவிட்டால் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, அந்தத் தேதிக்கு முன்பே கேல், பசலைக்கீரை போன்றவை ஏறத்தாழ முழு அளவுக்கு வளர்ந்துவிடுமாறு விதைக்க வேண்டும். அதன் பிறகு பாலித்தீன் கூடாரம் அவற்றை வளர்ப்பதில்லை. வளர்ந்ததைக் கெடாமல் வைத்திருக்கும் உயிருள்ள கிடங்காகப் பயன்படுகிறது. கூடாரத்துக்குள்ளேயே செடிகளின் மேல் மெல்லிய போர்வைத் துணியை விரித்தால் மேலும் சில டிகிரி காப்பு கிடைக்கும். குளிர் பட்ட கேலும் பசலையும் தங்கள் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் சுவை கூடுகிறது. இதை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தால் பேச்சே இல்லாமல் விற்பனையாகும். உறைந்து விறைத்திருக்கும் இலையைப் பறிக்கக் கூடாது. வெயில் ஏறி இலை தளரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் பறித்தது கூழாகிவிடும்.

முட்டைக்கு எப்போதும் கிராக்கி உண்டு, ஆனால் பகல் குறுகும்போது கோழிகள் இடுவதைக் குறைத்துவிடும். ஒரு நாளில் மொத்த வெளிச்சம் 14 முதல் 16 மணி நேரம் இருக்குமாறு கொட்டகையில் விளக்கு வைத்தால் முட்டை தொடர்ந்து கிடைக்கும். கோழிகளுக்கும் ஓய்வு வேண்டும் என்று கருதி விளக்கு வைக்காதவர்களும் உண்டு. எது முடிவானாலும், வாடிக்கையாகக் கேட்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

பண்ணையில் செய்த ஜாம், ஊறுகாய், தேன், உலர்ந்த மூலிகைகள் மேசையை நிறைக்கும். இவற்றை விற்பதற்கான உரிமமும் லேபிள் விதியும் இடத்துக்கு இடம் மாறுவதால் முதலில் அவற்றைக் கேட்டறிய வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபாடு இல்லை: அமிலத்தன்மை குறைந்த, அதாவது பிஎச் அளவு 4.6-க்கு மேலுள்ள காய்கறிகளைக் கொதிநீரில் மட்டும் வேகவைத்துப் புட்டியில் அடைத்தால், உயிரைப் பறிக்கக்கூடிய பாட்டுலினம் நச்சு உருவாக வாய்ப்பிருக்கிறது. எண்ணெயில் ஊறவைத்த பச்சைப் பூண்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. இத்தகைய பொருள்களை வீட்டுச் சமையலறையில் தயாரித்து விற்காமல் இருப்பதே என் கட்சி. தேன் உறைந்து சர்க்கரை பூத்திருந்தால் கலப்படம் என்று சந்தேகிப்பவர்கள் வருவார்கள். குளிரில் அது இயல்பு, இளஞ்சூட்டு நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும் என்று லேபிளிலேயே அச்சிட்டுவிடலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் அதே லேபிளில் இருக்க வேண்டும்.

கடை

உருளைக்கிழங்கு சுமார் −0.6 டிகிரியில் உறையும், கேரட் −1.4 டிகிரியில். அதாவது கடுங்குளிர் நாளில் திறந்த மேசையில் ஒரு மணி நேரம் கிடந்தாலே சரக்கு கெட்டுவிடும். மேசையில் மாதிரிக்கு இரண்டிரண்டு வைத்துவிட்டு, மீதியை வெப்பம் வெளியேறாத பெட்டியில் வைப்பதே சரி. பழுதாகிப்போன குளிர்பதனப் பெட்டி இதற்கு அருமையாக உதவும். மின்சாரம் வேண்டாம், அதன் சுவர்களே போதும். குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொள்ளாதவாறு அதன் பூட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே முக்கால்வாசி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் நீர் உறையும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது; நீர் 0 டிகிரியிலேயே உறையத் தொடங்குவதால், காய்கள் உறையும் நிலைக்குப் போகுமுன் அந்த வெப்பம் அவற்றைக் காக்கிறது.

ஆள் நிற்கும் கடையாக இருந்தால் அவருக்கும் கதகதப்பு வேண்டும். மூடிய கடைக்குள் கரி அடுப்பையோ, புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பையோ எக்காரணம் கொண்டும் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மின்கணப்பும் தடித்த ரப்பர் விரிப்பும் போதுமானவை. விறகு அடுப்புதான் வேண்டுமென்றால் முறையான புகைபோக்கியும் வாயு எச்சரிக்கைக் கருவியும் இருந்தாக வேண்டும்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேசை வரையுள்ள பாதையைக் கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பனி நீக்கிவிட வேண்டும். சாதாரண உப்பு சுமார் −9 டிகிரிக்குக் கீழே பெரிதாக உதவாது, தவிர வழிந்தோடி விளைநிலத்தையும் கெடுக்கும். பயிருக்கு அருகில் மணல் தூவுவதே மேல். வழுக்கி விழுந்தவர் இழப்பீடு கேட்டால் காப்பீடு தாங்குமா என்பதை அந்த நிலை வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தட்டையான கூரையில் ஈரப்பனி சேர்ந்தால் அதன் எடை கூரையை வளைத்துவிடும், ஆகவே கூரை சரிவாக இருக்கட்டும்.

மாலை சீக்கிரமே இருட்டிவிடுவதால் பெயர்ப்பலகைக்கும் பாதைக்கும் விளக்கு இல்லாத கடை, திறந்திருந்தும் மூடியதுபோலத்தான் தெரியும். சூரியத் தகடு கோடையில் தந்த மின்சாரத்தைக் குளிர்காலத்தில் தராது. லித்தியம் மின்கலங்களை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், விளக்கையும் கார்டு இயந்திரத்தையும் இரவில் வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிட வேண்டும். எலெக்ட்ரானிக் தராசும் குளிரில் பிசகக்கூடும். நாள்தோறும் எடைக்கல் ஒன்றை வைத்துச் சரிபார்ப்பது வாங்குபவருக்கும் நமக்கும் பாதுகாப்பு. ஆளில்லாமல் உண்டியல் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் அதைக் காலி செய்ய வேண்டும்.

வாடிக்கையும் வீடும்

வாரம் ஏழு நாளும் திறந்து பாதி நாள் ஆளில்லாமல் போவதைவிட, இரண்டே நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஒருமுறைகூடத் தவறாதிருப்பது மேலானது. உறைந்த சாலையில் வண்டி ஓட்டிவந்து மூடிய கதவைப் பார்த்தவர் மறுபடி வருவது அரிது. புயல் எச்சரிக்கை வந்தால் முந்தைய மாலையே செய்தி அனுப்பிவிட வேண்டும். இயன்றால் முன்பதிவுப் பெட்டித் திட்டத்தைத் தொடங்கலாம்: பருவத்தின் தொடக்கத்திலேயே முன்பணம் பெற்றுக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அன்றைக்குச் சரியாக இருக்கும் காய்களை நாமே தேர்ந்து நிரப்பிக் கொடுப்பது. எது எப்போது தீர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய முடிவதால் சேமிப்பறைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீட்டுக்குள் முறை வைத்துக்கொள்வதில் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குப் பனி ஒதுக்கும் வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளி நாளின் மாலை வேலையும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சுவரில் ஒரு தாள் ஒட்டிப் பெயரெழுதிவிட்டால் அது குறையும். நிற்கும் ஒவ்வொருவரின் மணிக்கணக்கையும், கூலி கொடுக்காவிட்டாலும், செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதாத கணக்கில் எல்லாக் கடைகளும் லாபத்தில்தான் ஓடும்.

அதே நோட்டில் எந்தக் காய் எந்தத் தேதியில் தீர்ந்தது, எது கேட்டும் கொடுக்க முடியவில்லை, எதை எத்தனை கிலோ உரக்குழியில் கொட்டினோம் என்று அன்றன்றே குறித்துவர வேண்டும். அடுத்த ஆண்டுக்கான விதைகளைக் குளிர்காலத்தின் நடுவிலேயே வாங்க வேண்டியிருப்பதால், இந்த நோட்டைப் பருவம் முடியட்டும் என்று ஒத்திப்போடாமல், விதைப் பட்டியலைக் கையில் எடுக்கும் அன்றே பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.