ஐந்து நாட் வேகமா, பனி நீக்கும் கருவியா? சின்ன விமானத்துக்குக் கணக்குப் போடும் முறை

கனடாவில் இருக்கும் என் அக்கா மகன், நண்பர்களோடு சேர்ந்து ஒரு விமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறான். நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். அதில் பனி நீக்கும் கருவி பொருத்தலாமா என்று பேச்சு வந்ததும் எனக்குப் போன் போட்டான். "மாமா, போட்டா அஞ்சு நாட் குறையுமாம். வேணாம்னு சொல்லிடவா?" (நாட் என்பது விமான வேகத்தின் அளவு, மணிக்கு ஒரு கடல் மைல்.)

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் குடியிருந்து, ஈப்போவில் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கிறவன். நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் வெளிநாட்டில் விமானம் ஓட்டப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று, நாங்கள் இருவரும் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

படி 1: எந்தக் கருவி?

சின்ன விமானங்களில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ரப்பர் பூட். 1930களிலிருந்து இருக்கிறது. இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டிய ரப்பர் காற்றால் உப்பி, படிந்த ஐஸை உடைத்துத் தள்ளும். இன்னொன்று டி.கே.எஸ். முன் விளிம்பில் டைட்டானியத் தகடு, அதில் லேசரால் போட்ட நுண்ணிய ஓட்டைகள், உள்ளே கிளைக்கால் திரவம். பம்ப்பை ஓடவிட்டுத் தகட்டின் பக்கத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கத்தி பட்ட பால்மரப் பட்டையில் பால் கசிவதுபோல், முதலில் பொட்டுப் பொட்டாக வரும். அப்புறம் எல்லாம் சேர்ந்து தகடு முழுக்க ஈரமாகும். எங்காவது காய்ந்த திட்டு தெரிந்தால் அன்றைக்கு அதை நம்பி மேலே போகக்கூடாது.

எனக்கு டி.கே.எஸ்.தான் பிடிக்கும். திரவம் இறக்கையில் பின்னோக்கி வழிந்து ஓடுவதால், முன் விளிம்புக்குப் பின்னாலும் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஐஸ் படியும் முன்பே பம்ப்பைப் போட்டுவிட வேண்டும். திரவம் தீர்ந்தால் கதை முடிந்தது. ரப்பர் பூட்டுக்கு அந்தக் கவலை இல்லை, எடையும் குறைவு. வெயிலில் ரப்பர் கெடும், அவ்வளவுதான்.

படி 2: நாட் வேகத்தை நிமிடமாக மாற்றுங்கள்

300 கடல் மைல் பயணம் என்று வையுங்கள். 150 நாட் வேகத்தில் 120 நிமிடம். 145 நாட் வேகத்தில் 124 நிமிடம். மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் செலவு 3 லிட்டருக்கும் குறைவு. 30 நாட் எதிர்க்காற்று அடித்தால் தரைவேகம் 120, 115 என்று ஆகும். வித்தியாசம் ஆறரை நிமிடம். எதிர்க்காற்றை வைத்தே கணக்குப் போடுங்கள், காற்றே இல்லாத நாளை வைத்துப் போடாதீர்கள். இதற்கு நான் விமானிகள் கணக்குப் போடும் இ6பி வட்ட ஸ்கேலைத்தான் எடுப்பேன். போன் செயலி விடையை மட்டும் காட்டும். ஸ்கேலைத் திருப்பும்போது, காற்று கூடக் கூட நேரம் எப்படி நீள்கிறது என்பது கையிலேயே தெரியும்.

படி 3: எடை

எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கை வைக்க வேண்டிய இடம் இது. டி.கே.எஸ். திரவம் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. 25 லிட்டர் தொட்டி நிரம்பினால் 27 கிலோவுக்கு மேல். தகடு, பம்ப், குழாய் எல்லாம் 20 கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (உங்கள் விமானத்துக்கு உண்டான எடையைப் பொருத்துகிறவரிடமே எழுத்தில் வாங்குங்கள்). மொத்தம் சுமார் 48 கிலோ.

அதை எரிபொருளாக மாற்றிப் பாருங்கள். அவ்காஸ் (சின்ன விமானங்களுக்கான பெட்ரோல்) லிட்டருக்கு 0.72 கிலோ. 48 கிலோ என்றால் சுமார் 67 லிட்டர். மணிக்கு 40 லிட்டர் கணக்கில், அது ஒரு மணி நாற்பது நிமிடப் பறப்பு! வேகத்தில் போனது நாலு நிமிடம். எடையில் போவது இவ்வளவு. நாலு பேரோடு தொட்டி நிறைய எரிபொருளும் ஏற்றிப் பறக்கிறவர் வேகத்தை மறந்துவிட்டு இதைத்தான் யோசிக்க வேண்டும். யாரை இறக்கிவிடுவது, எங்கே இறங்கி எரிபொருள் போடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. என் அக்கா மகன் பெரும்பாலும் இரண்டு பேராகவே பறக்கிறான். அவனுக்கு இந்த எடை ஒரு தடையே இல்லை.

படி 4: சான்றிதழைப் படியுங்கள்

தகடு ஒன்றுபோலவே இருக்கும், சான்றிதழ் வேறாக இருக்கும். பனி இருப்பதாகத் தெரிந்த வானிலைக்குள் போக அனுமதி பெற்ற அமைப்பு ஒருவகை. சிரஸ் எஸ்.ஆர்.22 என்ற சின்ன விமானத்துக்கு அது 2009இல் வந்தது. அதில் இரண்டு பம்ப், கண்ணாடிக்குத் திரவம் தெளிக்கும் வசதி எல்லாம் உண்டு. அனுமதி இல்லாத அமைப்பு, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கு மட்டும். விமானக் கையேட்டின் பின்பகுதியில் இருக்கும் இணைப்புப் பக்கங்களில் இது எழுதியிருக்கும்.

அனுமதி இருந்தாலும் உறையும் மழைக்குள் போக உரிமை வந்துவிடாது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில் விழுந்த ஏ.டி.ஆர். 72 பயணிகள் விமானத்தில் ரப்பர் பூட் இருந்தது. பெரிய துளிகள் பூட்டுக்குப் பின்னால் போய் உறைந்தன. 68 பேரும் இறந்தார்கள்.

படி 5: தராசின் மறுதட்டு

சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்கு இறக்கையில் ஐஸ் படிந்தாலே, தூக்கு விசை 30 சதவீதம் குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கருவி தின்னும் ஐந்து நாட் வேகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனிடம் "போடுடா" என்றேன். ஆனால் அவன் விமானத்துக்குக் கிடைப்பது அனுமதி இல்லாத வகை. ஐஸ் பிடிக்கும் என்று தெரிந்ததும் பம்ப்பைப் போடு, உடனே உயரத்தை மாற்று அல்லது திரும்பு, திரவம் இருக்கிறதே என்று உள்ளே நிற்காதே என்றும் சொன்னேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி, "அண்ணே, மலேசியாவில் இது எதற்கு?" என்று கேட்டார். சரியான கேள்வி. இங்கே தண்ணீர் உறையும் குளிர் வருவது சுமார் 16,000 அடியில். செஸ்னா 172 போன்ற சின்ன விமானம் அந்த உயரத்துக்கே போகாது. ஆனால் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்க வெளியே குளிர வேண்டியதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் 38 டிகிரி வெயிலிலும் பிடிக்கலாம். பிடித்தால் முதலில் ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) மெல்ல இறங்கும். கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று அனுப்பும் பிடியை) இழுத்தால் சக்தி 15 சதவீதம் வரை குறையும், எஞ்சின் உதறவும் செய்யலாம். அதற்குப் பயந்து உடனே உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஐஸ் உருகிப் போனதும் ஆர்.பி.எம். ஏறும். கார்புரேட்டருக்கு வெப்பமானி இல்லாத விமானத்தில் பாதி இழுத்து வைப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும், முழுதாக இழுங்கள்.