களக்காட்டு வாழை மண்டிக்கு லாகின்: ஏ.பி.ஐ.யில் ஆளை அடையாளம் காண்பது எப்படி?

களக்காட்டில் வாழைத்தார் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குப் பிரவுசரில் திறக்கும் சின்ன ஆப் எழுதிக் கொடுத்தேன். தார் என்ன விலைக்குப் போனது, கூலியும் கமிஷனும் போக வரவு எவ்வளவு என்று விவசாயி செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலையில் போன். "தம்பி, ஏர்வாடி ஆளு டோனாவூர்க்காரரு கணக்கப் பாத்துட்டு வந்து நிக்காரு. அவருக்கு மட்டும் தாருக்கு இருவது ரூவா எப்படிக் கூடுச்சுன்னு கேக்காரு. நான் என்னத்தவே சொல்ல?"

ஓட்டை என் ஏ.பி.ஐ.யில், அதாவது ஆப் கேட்பதற்குச் சர்வர் பதில் தரும் பகுதியில். மற்றதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஒரே இடத்தில் கோட்டை விட்டிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விவசாயிகளுக்கு ஓடிபி வைத்தேன். கடவுச்சொல் கொடுத்தால் சிட்டைக்குப் பின்னால் எழுதி மண்டியிலேயே விட்டுப் போய்விடுவார்கள். ஓடிபி என்றால் கோட் எழுதும் முன்பே டி.எல்.டி. (எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிறுவனங்களைப் பதியும் தளம்) பதிவைத் தொடங்கிவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் பதிந்திருக்க வேண்டும். பதிந்தபடி வாசகம் இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். போய்ச் சேராது.

ஆறு இலக்க ஓடிபிக்கு 10 லட்சம் வாய்ப்புகள். ஏட்டில் பெரிய எண்ணாகத் தெரியும்; தடை இல்லாவிட்டால் ஒரு ஸ்கிரிப்ட் வரிசையாக எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அந்த ஓடிபி செல்லாது, ஐந்து நிமிடம் தாண்டினாலும் செல்லாது என்று வைத்தேன். இந்த எண்ணிக்கையைச் செல்போன் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். ஐ.பி. முகவரியை மட்டும் நம்பிப் பூட்டினால், ஒரே மொபைல் நெட்வொர்க்கில் பல பேர் ஒரே முகவரியில் வருவதால் பாதி ஊர் வெளியே நிற்கும். பதிவில் இல்லாத எண்ணைப் போட்டாலும் "ஓடிபி அனுப்பியாச்சு" என்றே பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் மண்டிக்கு யார் யார் தார் போடுகிறார்கள் என்று வெளியாள் எண்ணிப் பார்த்துவிடலாம்.

கணக்கப்பிள்ளைக்கு மட்டும் கடவுச்சொல். அதை அப்படியே சேமிக்காமல், பிகிரிப்ட் என்ற முறையில் திருப்பி எடுக்க முடியாத ஹேஷாக மாற்றித்தான் வைத்தேன். அவரோ தமிழிலேயே ஒரு நீள வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைத்துக்கொண்டார். நல்ல பழக்கம்தான். ஆனால் பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கொ' என்றால் ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறி, 6 பைட். ஆக ஏறக்குறைய 24 குறிக்குப் பின்னால் அவர் என்ன அடித்தாலும் லாகின் திறந்துகொண்டது. தமிழ்க் கடவுச்சொல்லை அனுமதிப்பவர்கள் 72 பைட் வரம்பு இல்லாத ஆர்கான்2ஐடி என்ற ஹேஷ் முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் உறுதியானதும் டோக்கன், அதாவது அடுத்தடுத்துக் கேட்கும்போது ஆப் காட்டும் அடையாளச் சீட்டு. ஆர்.எஃப்.சி. 7519 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் ஜே.டபிள்யூ.டி. வகை டோக்கனை மண்டிச் சிட்டை மாதிரி நினைத்துக்கொள்ளலாம். சிட்டையில் எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம். முத்திரையைத்தான் போட முடியாது. அதனால் உள்ளே செல்போன் எண், ஆதார் எதையும் வைக்காதீர்கள். முத்திரைச் சாவியாக நான் முதலில் மண்டிப் பெயரையே போட்டிருந்தேன் (சிரிக்காதீர்கள்). நான் வைத்த எச்.எஸ்.256 என்ற முத்திரை முறைக்குக் குறைந்தது 32 பைட் நீளத்தில், ரேண்டமாக உருவாக்கிய சாவி வேண்டும். எந்த முறையில் முத்திரை போட்டது என்பதையும் டோக்கனிடமே கேட்காமல் சர்வரே பிடிவாதமாக வைத்திருக்க வேண்டும். "முத்திரையே இல்லை" என்று எழுதி வந்த டோக்கனைப் பல லைப்ரரிகள் ஏற்றுக்கொண்ட கூத்து 2015இல் வெளிவந்தது. டோக்கனை எச்.டி.டி.பி.ஒன்லி குக்கியில் (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்க முடியாதது), சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு போவதைக் கட்டுப்படுத்துவது) போட்டு வையுங்கள். யூ.ஆர்.எல்.லில் அனுப்பினால் சர்வர் லாகில் பதிந்துவிடும்.

இந்த டோக்கன் 15 நிமிடம்தான் செல்லும். பிறகு 401 (லாகின் செல்லாது என்ற பதில்) வரும். அப்போது ஆப், லாகினில் கூடவே வாங்கிய புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதிய டோக்கனை வாங்கும். காலாவதியை போனின் கடிகாரத்தில் பார்க்க வேண்டாம், தேதி பிசகிய போன்கள் நிறைய. புதுப்பிப்பு டோக்கன் 30 நாளுக்கு. ஒவ்வொரு முறையும் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைத் தர வேண்டும், பழையது மறுபடி வந்தால் திருட்டென்று எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும் என்பார்கள். அப்படியே செய்தேன். திருக்குறுங்குடி மலையடிவாரத் தோட்டக்காரர்கள் தினமும் லாகினிலிருந்து வெளியே விழுந்தார்கள்.

திருடன் யாரும் இல்லை, சிக்னல்தான். சர்வர் பழையதை ரத்து செய்து புதியதை அனுப்பும். அது போய்ச் சேருமுன் சிக்னல் போய்விடும். ஆப் பழையதையே திரும்பக் கொடுக்கும். இப்போது மாற்றிய ஒரு நிமிடத்துக்குள் பழையது வந்தால் மன்னித்துவிடுகிறேன். திருடனுக்கும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கும்தான். வாழைத்தார் கணக்குக்கு நான் துணிந்தேன். வங்கிக்கு எழுதுகிறவர் துணிய வேண்டாம்.

இனி அந்த இருபது ரூபாய். வாட்ஸ்ஆப்பில் போகும் கணக்கு இணைப்பின் முடிவில் 118 என்று இருந்தது. ஏர்வாடிக்காரரின் மகன் அதை 119 ஆக்கிப் பார்த்திருக்கிறான். அவன் முறையாக லாகின் செய்தவன், டோக்கன் சுத்தம். வந்தவர் யார் என்று கேட்ட என் ஏ.பி.ஐ., கேட்கும் கணக்கு அவருடையதா என்று கேட்கவே இல்லை. டேட்டாபேஸில் தேடும்போதே கணக்கு எண்ணோடு, டோக்கனில் இருக்கும் ஆளின் எண்ணையும் நிபந்தனையாகச் சேருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் 404 (அப்படி எதுவும் இல்லை) கொடுங்கள். 403 (அனுமதி இல்லை) கொடுத்தால் அப்படி ஒரு கணக்கு இருப்பதை நாமே சொன்னதாகும். 118க்குப் பதில் ஊகிக்க முடியாத நீள எண் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் பார்வர்டு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போதெல்லாம் இரண்டு போனில் இரண்டு பேராக லாகின் செய்து, ஒருவர் டோக்கனை வைத்து மற்றவர் கணக்கைக் கேட்டுப் பார்த்த பிறகே அண்ணாச்சி கையில் கொடுக்கிறேன். இருபது ரூபாய்க்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.