மெடிசின் கிடைத்தாயிற்று, பீடம் இன்னும் திறக்கவில்லை: இடைப்பட்ட மாதங்களுக்கு ஒரு படிப்பு அட்டவணை

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த அன்று அம்மா பிள்ளையார் கோயிலில் புக்கை பொங்கினா. மறுநாளிலிருந்து கடைக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எப்ப மனே கம்பஸ் தொடங்குது?" எனக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. அந்த மாதங்களை நான் கழித்த விதம் அவ்வளவு புத்திசாலித்தனமானதல்ல என்பது பீடத்துக்குள் போன முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது.

இப்போது ஒவ்வொரு முறை பெறுபேறு வெளியாகும்போதும் மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமிருந்தும் தம்பி தங்கச்சிமார் "என்ன படிச்சுக்கொண்டு போகலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல்பதிவு அனுப்பிக் களைத்துப்போனதால் எழுதியே வைக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு விசயம். இதில் எதுவும் கட்டாயமில்லை. பீடம் எல்லாவற்றையும் அடியிலிருந்துதான் தொடங்கும். மூன்று மாதம் ஊர்சுற்றிவிட்டுப் போய் முதலாம் ஆண்டை நன்றாகத் தாண்டியவர்களும் என் பச்சில் இருந்தார்கள்.

"பிறி-மெட்" என்று பயமுறுத்தும் மச்சானுக்கு

வெளிநாட்டில் ஒரு மச்சானாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அமெரிக்காவில் இருக்கிற மச்சான் "பிறி-மெட்டில் என்ன பாடம் எடுத்த?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். அங்கே பெரும்பாலும் நான்கு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தப் பட்டத்துக்குள்ளேயே உயிரியல், பொது இரசாயனவியல், சேதன இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றை ஆய்வுகூடத்தோடு படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் எதிர்பார்க்கும். உயிர் இரசாயனவியலையும் கேட்பார்கள். எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சையை 2015இல் மாற்றியமைத்தபோது உளவியலையும் சமூகவியலையும் சேர்த்துவிட்டார்கள். பொது இரசாயனவியலுக்கு இரண்டு அரையாண்டு, சேதனத்துக்கு இரண்டு, அதன் பிறகே உயிர் இரசாயனவியல். நடுவில் ஒன்று தவறினால் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போகும். அதனால்தான் அவர்கள் முதலாம் வருடத்திலேயே அட்டவணையோடு உட்காருகிறார்கள்.

நமக்கு அந்த வேலையை ஏ.எல். (உயர்தரம்) மூன்று பாடமும், அதாவது உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், செய்துவிட்டன. ஆனால் எதன் மேல் எது நிற்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தும் அந்தப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கலாம். அவர்களுக்குத் தொடங்கும் திகதி தெரியும், நமக்குத் தெரியாது. நம் அட்டவணையின் முழுச் சிக்கலும் அதுதான்.

படி 1: முடிவுத் திகதி இல்லாமல் அட்டவணை போடுவது

பெறுபேறு, மீள்பரிசீலனை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு, பிறகு அழைப்பு. இதில் எந்தப் படி எத்தனை மாதம் இழுக்கும் என்று கணக்கிட்டு "ஆகஸ்ட்டில் இதை முடிப்பேன்" என்று எழுதாதீர்கள். ஆறு ஆறு கிழமையாக மூன்று கட்டுகள் போடுங்கள். எந்தக் கிழமை அழைப்பு வந்தாலும் அதுவரை படித்தது தனியாக நின்று உதவ வேண்டும். அதனால் இல்லாவிட்டால் அதிகம் வலிக்கப்போவது முதல் கட்டில் வரும். பார்க்க அழகாக இருப்பது கடைசியில்.

பிறகு ஊர் நாட்காட்டியை எடுத்துப் படிக்க முடியாத நாட்களை முதலில் வெட்டுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், வெள்ளாமை வெட்டு நேரம் வயல்வேலை, நோன்பு மாதம். கார்த்திகை, மார்கழி மழை தனிக்கதை. 2024 நவம்பர் கடைசியில் ஏ.எல். பரீட்சையையே வெள்ளத்தால் இடைநிறுத்தினார்கள் என்றால் உங்கள் வீட்டு அட்டவணை எம்மாத்திரம்? கரன்ட் போகும், சிக்னல் போகும். மழைக்காலத்துக்கு வீடியோவை நம்பாமல் அச்செடுத்த தாள்களை வைத்திருங்கள்.

முதல் கட்டைத் தொடங்குமுன் மூன்று கிழமை ஒன்றும் படிக்க வேண்டாம். நித்திரை கொள்ளுங்கள்.

படி 2: தெரிந்ததையே ஆங்கிலத்தில் இன்னொரு முறை (முதல் கட்டு)

நான் கோட்டை விட்ட இடம் இது. காத்திருந்த காலத்தில் பழைய புத்தகமாக ஒரு தடித்த அனட்டமி (உடற்கூற்றியல்) நூல் வாங்கி, தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலைப் படம் வரைந்து பாடமாக்கினேன். பீடத்துக்குப் போனபோது அதில் ஒரு கிளைகூட நினைவில் இல்லை. அது போகட்டும், அவர்கள் எப்படியும் படிப்பித்தார்கள். வலித்தது உயிர் இரசாயனவியல் முதல் விரிவுரையில். விரிவுரையாளர் "எஸ்டர் பொன்ட்" என்கிறார், நான் அது என்னவோ புதுச் சாமான் என்று எழுதிக்கொள்கிறேன். அறைக்கு வந்து பார்த்தால் நம்முடைய பழைய எசுத்தர்! ஏ.எல்.இல் நூறு முறை எழுதியது. காபோவைதரேற்று, பொசுபேற்று, ஐதரசன் என்று கண்ணால் பழகிய சொற்கள் காதில் விழும்போது ஆள் மாறி வருகின்றன.

ஆகவே இந்த முதல் கட்டின் ஆறு கிழமையும் புதிதாக எதையும் படிக்காதீர்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஏ.எல். வளநூல்கள் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தமிழ் நூலையும் அதன் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் வாசியுங்கள். உயிரியலில் மனித உடல் பற்றிய அலகுகள் முதலில். கலம், மென்சவ்வு அடுத்து. தாவரங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒரு கொப்பி எடுத்து மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் நம் பாடநூல் சொல், இரண்டாவதில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் அதை உச்சரிக்கும் விதம். மூன்றாவதை விடவே கூடாது. காதுக்குத்தான் இந்தப் பயிற்சி. நாளுக்குப் பதினைந்து சொல் போதும். ஐந்து நாள் எழுதி ஆறாம் நாள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இடையில் யூடியூப்பில் தமிழ்நாட்டு விளக்கங்களும் பார்ப்பீர்கள். நல்லவை நிறைய உண்டு. ஆனால் நாம் நாடி, நாளம் என்பதை அவர்கள் தமனி, சிரை என்பார்கள். நம்முடைய இழையம் அங்கே திசு, நம்முடைய கலம் அங்கே செல். நான்காவது நிரல் ஒன்று வேண்டுமென்றால் போடலாம். எனக்கு அது தலையிடிதான்.

தமிழில் மருத்துவம் படிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கியிருக்கிறார். முடியும். உங்கள் பீடத்தில் இப்போது நடப்பது அதுவல்ல, அவ்வளவுதான்.

படி 3: சேதன இரசாயனவியலிலிருந்து உடலுக்கு (இரண்டாம் கட்டின் முதல் பாதி)

ஏ.எல். முடிந்ததும் இரசாயனவியல் குறிப்புகளை எரித்தவர்களை எனக்குத் தெரியும். எரிக்காதீர்கள், மூன்று கிழமைக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்பாட்டுக் கூட்டத்தையும் எடுத்து "இது உடலில் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். காபொட்சிலிக் அமிலமும் அமீனும் சேர்ந்து ஏமைட்டு வருவது பழைய கதை. அதே பிணைப்பு இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவே வந்தால் பெப்ரைட்டுப் பிணைப்பு. கிளிசரோலோடு மூன்று கொழுப்பமிலம் எசுத்தராகச் சேர்ந்தால் அதுதான் நம் வயிற்றில் தொங்கும் கொழுப்பு. அல்டிகைட்டு என்றால் குளுக்கோசு, கீற்றோன் என்றால் புரற்றோசு.

அடுத்தது தாங்கற் கரைசல். இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ஏ.எல்.இல் அசற்றிக் அமிலத்துக்கும் சோடியம் அசற்றேற்றுக்கும் போட்ட அதே சமன்பாடுதான் இரத்தத்துக்கும். காபனீரொட்சைட்டு, இருகாபனேற்றுத் தொகுதியின் பீகேஏ (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண்) 6.1. சாதாரணமாக இருகாபனேற்றின் செறிவு கரைந்த காபனீரொட்சைட்டைப் போல 20 மடங்கு. இருபதின் மடக்கை 1.3. கூட்டினால் 7.4. இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பதை உங்கள் கையாலேயே கணக்கிட்டுவிட்டீர்கள். மூச்சை வேகமாக விட்டால் காபனீரொட்சைட்டு குறையும், விகிதம் ஏறும், பீஎச் ஏறும். இந்த ஒரு கணக்கு சுவாசப் பாடத்திலும் சிறுநீரகப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் பத்துப் படிகளை நொதியங்களின் பெயரோடு பாடமாக்கப் போகிறேன் என்பவர்களிடம்: வேண்டாம். அது பீடத்தில் எப்படியும் நடக்கும். எங்கே ஏரீபி செலவாகிறது, எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

படி 4: பௌதிகவியல் வீணாகவில்லை (இரண்டாம் கட்டின் மறுபாதி)

"டொக்டருக்கு ஏன் பௌதிகவியல்?" என்று ரியூசன் வகுப்பில் இருந்து திட்டாதவர் யார்? எனக்குப் பதில் கிடைத்தது பிசியோலொஜியில் (உடற்றொழிலியலில்) தான். நான்கு அலகுகளை மட்டும் மீட்டுப் பாருங்கள்.

பிசுக்குமை முதலில். குழாயில் திரவம் ஓடுவதற்கான புவசேயின் சமன்பாட்டில் குழாயின் ஆரை நான்காம் அடுக்கில் வரும். அமுக்க வித்தியாசம் மாறாமல் ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்று. ஆரை 20 சதவீதம் மட்டும் சுருங்கினாலே ஓட்டம் முன்னிருந்ததில் ஏறக்குறைய 41 சதவீதத்துக்கு விழும். உடல் சின்ன நாடிகளை ஒள்ளம் இறுக்கியும் தளர்த்தியும் எவ்வளவு இரத்தத்தை அங்கும் இங்கும் திருப்புகிறது என்பது இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது மேற்பரப்பு இழுவை. சவர்க்காரக் குமிழிக் கணக்கு நினைவிருக்கும்: ஆரை சிறிதானால் உள்ளமுக்கம் கூடும். நுரையீரலின் காற்றறைகளும் அப்படித்தான். சின்ன அறை சுருங்கி மூடப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரல் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. மாதம் நிரம்பாமல் பிறக்கும் குழந்தைகளிடம் அது போதாமல் இருப்பதால்தான் மூச்சுத் திணறுகிறது. மூன்றாவது கொள்ளளவி: கல மென்சவ்வு ஏற்றத்தைச் சேமிக்கும் ஒரு மெல்லிய கொள்ளளவி. நரம்புக் கணத்தாக்கம் தொடங்கும்போது மற்றவர்கள் விழிக்க, உங்களுக்குப் பழைய நண்பனைக் கண்ட மாதிரி இருக்கும். நான்காவது வில்லைகள், கண்ணுக்கு. அது அரை நாள் வேலை.

படி 5: அனட்டமி (மூன்றாம் கட்டு, அதுவும் கொஞ்சம்)

206 என்புகளில் பெரியவற்றின் பெயர், அவை உடலில் இருக்கும் இடம், முன், பின், மேல், கீழ், உட்பக்கம், வெளிப்பக்கம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். இவ்வளவுதான். அறுத்துப் பார்க்காமல் தசைகளின் தொடக்கமும் முடிவும் பாடமாக்குவது மணலில் எழுதுவது, என்னைப் பார்த்தாவது திருந்துங்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கவும் வேண்டாம். பீடத்துக்குப் பீடம் பரிந்துரைக்கும் நூல் வேறு. சீனியர்மார் தங்கள் பழைய நூல்களைக் கொடுப்பார்கள். அதுவரைக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் பாடநூல் இலவசமாக இருக்கிறது. கான் அக்கடமியின் வீடியோக்களும் நல்லவை, ஆங்கிலக் காதுக்கும் பயிற்சி.

"முதலாம் ஆண்டு முழுவதையும் முன்கூட்டியே முடித்துத் தருகிறோம்" என்று காசு கேட்கும் வகுப்புகளைப் பற்றி என் கருத்து: அந்தக் காசுக்கு ஒரு நல்ல மேசைவிளக்கு வாங்குங்கள்.

படி 6: சிங்களம்

மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவம் படிப்பிக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது என்பதற்காக உங்களுக்கு அதுதான் கிடைக்கும் என்றில்லை. காலியிலோ அனுராதபுரத்திலோ கிடைத்தால் விடுதியிலும் பிறகு வார்டிலும் சிங்களம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. "கொஹெத ரிதென்னே?" என்று, அதாவது எங்கே நோகுது என்று கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பெரிய வித்தியாசம். அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சில வேளை ஏற்கெனவே இருக்கும். இல்லாதவர்கள் மூன்று கட்டிலும் நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

படி 7: ஒரு கிழமை எப்படி இருக்கும்

காலையில் இரண்டு மணித்தியாலம் அந்தக் கட்டுக்குரிய பாடம். மத்தியானம் வெயிலில் ஒன்றும் ஏறாது, விட்டுவிடுங்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் சொற்கொப்பியும் சிங்களமும். மறுகா கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கப் போகலாம். சனிக்கிழமை அந்தக் கிழமை படித்ததை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் பிழைத்தால் பரவாயில்லை. ஞாயிறு புத்தகம் திறக்கக்கூடாது.

காத்திருக்கும் காலத்தில் பலர் ரியூசன் கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன், வீட்டுக்கு உதவியாக இருந்தது. அப்படிக் கொடுப்பதாக இருந்தால் பௌதிகவியலோ இரசாயனவியலோ எடுங்கள், படி 3உம் 4உம் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது உங்களுக்கு அழைப்பு வந்தால் பெற்றோருக்கு என்ன சொல்வதென்று முதலே பேசி வையுங்கள். என்னிடம் படித்த இருவரை நான் நடுவழியில் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது.

அழைப்பு வந்ததும் அட்டவணையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மீதியை ஓடி முடிக்கப் பார்க்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து பிரதி எடுங்கள். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்குக் கிராம சேவகரின் கையொப்பம் தேவைப்பட்டால், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். சொற்கொப்பியைப் பெட்டியின் மேல்பக்கமாக வையுங்கள், முதல் கிழமையே தேடுவீர்கள்.