முள்காடான மனைக்கு ஜேசிபி கூப்பிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் சில வருஷம் கவனிக்காமல் விட்ட மனை என்றால் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. வண்டி வருவதற்கு முந்தின வாரமே நிலத்தை நடந்து பார்த்துவிடுங்கள்.

எல்லை: நிலத்தின் சர்வே அளவுகளைக் காட்டும் எஃப்எம்பி வரைபடத்தை வைத்து எல்லைக் கற்களைத் தேடி, பக்கத்தில் கொடி நடுங்கள். கல் பெயர்ந்தால் மறுபடி சர்வேயர்தான் வர வேண்டும். பனை நின்றால் கலெக்டர் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

பாழுங்கிணறு: உயிருக்கே ஆபத்து இங்கேதான். சுவர் இடிந்த பழைய பாசனக் கிணற்றைப் புதர் முழுசாக மூடியிருக்கும். நீளக் கம்பால் முன்னே தட்டித் தட்டி நடங்கள். ஊர்ப் பெரியவர்களை விசாரியுங்கள். கிணறு இருந்தால், அதன் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிக் கயிறு கட்டுங்கள். ஏழெட்டு டன் வண்டியை விளிம்பு மண் தாங்காது.

மண்: ஒன்றரை அடி குழி தோண்டி, அடிமண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் பென்சில் கனத்துக்குத் திரியாக வந்தால் களிமண். மழை ஈரத்தில் அதில் டயர் வண்டி புதையும். செயின் வண்டியான ஹிட்டாச்சி ஓரளவு சமாளிக்கும். குழியில் தண்ணீர் ஊறினால் எந்த வண்டியும் வேண்டாம், தள்ளிப்போடுங்கள். பெரும்பாக்கம் மாதிரி சதுப்பு ஒட்டிய தாழ்வான இடங்களில் பொங்கல் கழிந்தும் ஈரம் நிற்கும். மார்ச் முதல் மே வரை நல்ல காலம்.

மரக்கணக்கு: 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் தூர்களை, அதாவது அடிமரங்களை எண்ணுங்கள். அடர்த்தி மாறும் மூன்று இடங்களில் எண்ணி, சராசரியை 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும். தூரின் சுற்றளவு இரண்டு அடியைத் தாண்டினால் ஜேசிபிக்கு நேரம் இழுக்கும். அப்படிப்பட்ட தூர்கள் நிறைய இருந்தால் ஹிட்டாச்சியே மேல்.

தரையோடு வெட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்டும் வேரும் சேரும் தூர்க்கழுத்து மண்ணுக்குள் இருக்கும்; சீமைக்கருவேலம் அங்கிருந்து துளிர்க்கும். அடுத்த மழையில் ஒரு தண்டு நாலாகும். குறைந்தது ஒரு அடி ஆழத்துக்குத் தூரைப் பறிக்க வேண்டும். அந்த ஆழத்தில் பாறை தட்டுகிறதா என்று கடப்பாரையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். வண்டலூர்ப் பக்கம் தட்டும்.

வண்டி நுழையப் பத்தடி வழி வேண்டும். மேலே மின்கம்பி போனால் அதன் அடியில் ஆள் வைத்தே வெட்டுங்கள், அதுவும் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகு.

கடைசியாக, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று டிரைவரிடம் முதலிலேயே பேசுங்கள். வீடுகள் இருக்கும் பக்கம் தொடங்கி வெட்டவெளியை நோக்கிப் போகட்டும். கண்ணாடி விரியன் வெளியேற அந்தப் பக்கம் திறந்திருக்கும்.